ஸ்பெஷல் எஜுகேஷன் சேரப் போறீங்களா? நான் படிச்சப்ப பட்டது

ஸ்பெஷல் எஜுகேஷன், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்குற டீச்சர் படிப்பு, படிச்சேன்னு சொன்னாலே "அதுக்கு ரொம்ப பொறுமை வேணுமே"ன்னு தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. பொறுமை வேணும் தான், ஆனா அதைவிட முக்கியமா கத்துக்க வேண்டியது பாத்ததை பாத்தபடி எழுதுறது, அது கைக்கு வர எனக்கு ஒரு செமஸ்டரே ஆச்சு.

முதல் ப்ராக்டிகல்ல ஒரு பையனைக் கவனிச்சு எழுதச் சொன்னாங்க. "ரொம்ப பிடிவாதம், சொல்பேச்சு கேக்குறதில்ல"ன்னு எழுதிட்டுப் போனேன். மேடம் அந்த வரியை அடிச்சிட்டு "பிடிவாதத்தை எப்படிம்மா பாத்த, அவன் என்ன செஞ்சான்னு எழுது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி போய் உக்காந்து பாத்தா பெல் அடிக்குது, காதைப் பொத்திக்கிட்டு மேஜைக்கு அடியில போறான், கொஞ்ச நேரம் கழிச்சு தானா வெளிய வர்றான், மூணு நாளும் இதே தான். முன்னாடி என்ன நடந்துச்சு, பிள்ளை என்ன செஞ்சான், அதுக்கப்புறம் என்ன ஆச்சு, இந்த மூணையும் தனித்தனியா எழுதுறது தான் ஏபிசி சார்ட். அதை எழுதினப்புறம் பிடிவாதம்ங்கிற வார்த்தைக்கே அங்க இடமில்ல, பெல் சத்தம் தான் அவனுக்குப் பிரச்சனை.

ஒரு வேலையைச் சின்னச் சின்ன ஸ்டெப்பா பிரிச்சு எழுதுற டாஸ்க் அனாலிசிஸும் அப்படித்தான். கை கழுவுறதை அஞ்சு ஸ்டெப்பா எழுதிட்டு கிளாஸுக்குப் போனேன், பிள்ளை சோப்பைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்குது, ஏன்னா சோப்பைத் திரும்ப வைக்கணும்னு நான் எழுதவே இல்ல. நீங்க எழுதினதை முதல்ல நீங்களே ஒருதடவை அப்படியே செஞ்சு பாருங்க. கடைசி ஸ்டெப்பை முதல்ல பிள்ளைகிட்ட விடுறதுக்கு பேக்வர்ட் செயினிங்னு பேரு. மத்ததெல்லாம் நாம கூடப் பிடிச்சு செஞ்சிட்டு கை துடைக்கிறதை மட்டும் அதுவே செய்யும், முடிச்ச சந்தோஷம் தினமும் அதுக்கே கிடைக்கும். எனக்கு இந்தப் படிப்புலயே ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

எக்ஸாம்ல மார்க் போறது ஐஇபி கோல், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா போடுற கல்வித் திட்டத்துல வர்ற இலக்கு, அதை எழுதுறதுல தான். "வாசிப்புத் திறன் மேம்படும்"னு எழுதினா அதை யாராலயும் அளக்க முடியாது. "தெரிஞ்ச 10 சொல்லுல 8ஐ உதவி இல்லாம, தொடர்ந்து 3 நாள் சரியா வாசிப்பான்" இப்படி எழுதுங்க, கேஸ் ஸ்டடி கேள்வி வந்தாலும் இதே பழக்கம் தான் காப்பாத்தும்.

சீனியர் நோட்ஸ் வாங்கினா ஆட்டிசம் பாடத்தை மட்டும் ஒருதடவை சரிபாத்துக்கோங்க. 1943ல மனநல டாக்டர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பத்தி எழுதினதுல இருந்து அந்தப் பேரும் பிரிவும் மாறிக்கிட்டே தான் வந்திருக்கு, மனநலப் பிரச்சனைகளை வகைப்படுத்துற அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம், 2013ல வந்த அதோட 5வது பதிப்புல, முன்னாடி தனியா வச்சிருந்த ஆஸ்பெர்கர்ங்கிற வகை தனிப் பிரிவா கிடையாது, எல்லாம் ஒரே ஸ்பெக்ட்ரம். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களோட கல்வி பத்தின 1994 சாலமன்கா அறிக்கை, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐநா உடன்படிக்கையோட கல்வி பத்தின 24வது பிரிவு, ரெண்டையும் சேத்துப் படிங்க, இன்க்ளூஷன் (எல்லாப் பிள்ளைங்களையும் ஒரே பள்ளியில சேத்துப் படிக்க வைக்கிறது) கேள்வி எப்படி வந்தாலும் கை கொடுக்கும்.

பிரெய்ல், அதாவது பார்வையில்லாதவங்க விரலால தொட்டு வாசிக்கிற புள்ளி எழுத்து, அந்தப் பேப்பரை கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க. ஆறு புள்ளி தானேன்னு தோணும், ஆனா ஸ்லேட்ங்கிற சட்டத்துல பேப்பரை வச்சு பின்பக்கமா குத்துறதால வலமிருந்து இடமா, கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி எழுதணும், அது மூளைக்கு ஏற நாளாகும். தினம் பத்து நிமிஷம் குத்துங்க போதும்.

ரெகார்டை அன்னன்னைக்கு ராத்திரியே எழுதிருங்க, ரெண்டு நாள் போனா பாத்தது மறந்து நாம நினைச்சது தான் பேப்பர்ல வரும். அதுல பிள்ளையோட நிஜப் பேரு வேண்டாம், ஒரு எழுத்து போதும். போட்டோ எடுத்து பிரெண்ட்ஸ் குரூப்ல போடவே போடாதீங்க, அந்தப் பிள்ளையோட அம்மா அப்பா நம்மள நம்பித்தான் வகுப்புக்குள்ள உக்காரவே விட்டிருக்காங்க.