பாம் ஷெல்டரில் ஒரு கடைசல் பட்டறை

வீட்டுப் பெரியவர் ஒன்று கேட்டார். “பழகிடும் ஐயா” என்றேன். அவ்வளவுதான். அவர் தலையாட்டினார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். எட்டு மாதம் ஆகிறது. சாயங்காலம் லாரியின் பின்னால் உட்கார்ந்து திரும்பும்போது அந்த வார்த்தை மட்டும் வந்து நிற்கிறது.

ரெனவேஷன் வேலைதான், பெரிதில்லை. சிங்கப்பூரில், ஈசூனில் நான்கறை வீடு. பெரியவர் கப்பல் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன அறை ஜன்னலோரத்தில் ஒரு கடைசல் மெஷின், மரம் அறுக்க ஒரு குட்டி பேண்ட்சா, அவரே செய்த மேசை. பம்பரம், சப்பாத்திக் கட்டை, சாமி மாடத்துக்குத் தூண் என்று ஏதாவது கடைந்துகொண்டிருப்பார். பேரனுக்கு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருகிறது, படிக்க அறை வேண்டும். கீழ்வீட்டுக்காரர்கள் வேறு சத்தம் என்று இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார்கள். பட்டறையை பாம் ஷெல்டருக்குள், அதாவது குண்டு விழுந்தால் ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் கான்கிரீட் அறைக்குள், மாற்றிக் கொடுங்கள் என்றார் மகன். பணம் கொடுப்பவரும் அவர்தான்.

வரைபடம் போட்டது நான். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த அறையில் கை வைப்பது லேசில்லை. கதவைக் கழற்றக்கூடாது. துளை 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக்கூடாது, அதிலும் பிளாஸ்டிக் பிளக்தான். காற்றுத் துளைகளை அடைத்துக் கட்டக்கூடாது. இத்தனைக்கும் நடுவில் மெஷினுக்கு அடியில் ரப்பர் பாய், கைக்கெட்டும் உயரத்தில் உளிகளுக்குப் பலகை, மூலையில் தூசி உறிஞ்சி என எல்லாவற்றையும் அடக்கிவிட்டேன். ரசமட்டம் வைத்தால் குமிழி அசையாது.

மெஷினை உள்ளே ஏற்றுவதற்கு முந்தின நாள் பெரியவர் வந்து பார்த்தார். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும் அந்த இடத்தில், அவரே இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். டிவி, குக்கர், அடுத்த அறையில் எங்கள் ஆள் சுத்தியல் தட்டுவது எல்லாம் சட்டென்று அமுங்கிப்போயின. என் மூச்சு எனக்கே கேட்டது.

“தம்பி, நீங்களா இருந்தா இதுக்குள்ள நின்னு கடைவீங்களா?”

மாட்டேன். அதுதான் பதில். அது எனக்கு அந்த நொடியே தெரியும்.

கடைசலில் உளி வைக்கும்போது வருவது சுருள், அது காலடியில் விழுந்துவிடும். அப்புறம் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும்போதுதான் மாவு போல ஒரு தூள் கிளம்பும். நியாத்தோ மரமாக இருந்தால் மூக்கு அரிக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உறிஞ்சியின் குழாயை வெளியே விட்டால் கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் சத்தம். அதனால் உறிஞ்சியையும் உள்ளேயே வைத்தேன். அது பிடித்தது போக மிச்சமெல்லாம் அந்த நாலு சுவருக்குள்தான்.

சத்தமாவது நிற்குமா? அதுவும் முழுசாக இல்லை. ஷெல்டருக்கு மேலேயும் ஷெல்டர், கீழேயும் ஷெல்டர். கோபுரம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் கான்கிரீட். காற்றில் போகும் இரைச்சலைக் கதவு தடுக்கும், மெஷினின் அதிர்வு சுவர் வழியே இறங்கும். ரப்பர் பாய் கொஞ்சம்தான் தடுக்கும்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் வீட்டில் சண்டை. மகனிடம் சொன்னால், “வேறு எங்கே வைப்பது, நீங்களே சொல்லுங்கள்” என்பார். துணி துவைக்கும் யார்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. ரெனவேஷன் பெர்மிட் ஒரு மாதத்துக்குத்தான், அதில் பாதி ஓடிவிட்டது. அப்பா பிள்ளைக்கு நடுவில் ரெனவேஷன்காரன் என்ன பேசுவது? முகமூடி போட்டுக்கொள்ளுங்கள் என்றாவது சொன்னேனா என்று யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன். வழக்கமாகச் சொல்வேன்.

சில நாள் வேறு மாதிரியும் தோன்றுகிறது. அவர் தூசியைப் பற்றிக் கேட்கவே இல்லையோ? பழைய இடத்தில் தலையை நிமிர்த்தினால் தூங்குமூஞ்சி மரம் தெரியும். இங்கே நிமிர்த்தினால் நான் போட்ட பலகை. அப்படியானால் நான் கணக்குப் போட்டு வைத்திருக்கும் குற்றமே வேறு ஏதோ ஒன்றுக்கு.

இரண்டு மாதம் கழித்து, பேரன் அறையில் அலமாரிக் கதவு தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். கீல் திருகிவிட்டுக் கிளம்பும்போது பெரியவர் ஷெல்டரைத் திறந்து காட்டினார். கடைசல் மெஷின்மேல் பழைய போர்வை. அதன்மேல் அரிசி மூட்டை, பக்கத்தில் பயணப் பெட்டிகள். “கண்ணு சரியில்லைன்னு அவரே விட்டுட்டார்” என்று மருமகள் அடுப்படியிலிருந்து சொன்னார். இருக்கலாம். வயதும் எழுபதைத் தாண்டியாயிற்று.

“இந்தப் பலகைய கொஞ்சம் மேல தூக்கித் தர முடியுமா தம்பி? பெட்டி இடிக்குது.”

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குமேல் துளை போடும் சத்தம் கூடாது. நான் நாலு புள்ளி குறித்து, டிரில் முனையில் 50க்கு முன்னாலேயே டேப் சுற்றினேன். அவர் வேக்குவம் குழாயை எடுத்துவந்து, யாரும் சொல்லாமலே, முனைக்குக் கீழே சுவரோடு ஒட்டிப் பிடித்தார். ஒரு பொடி கீழே விழவில்லை.