பூட்டிய ஓய்விடமும் புளியோதரையும்

2009-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் வழியாகக் காரில் போனவர்கள், அதிலும் ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள், வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அடுத்த கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. செலவைக் குறைப்பதற்காக அந்த மாநில அரசு வண்டியை நிறுத்திக் கழிப்பறைக்குப் போய் இளைப்பாறுவதற்கான தன் 42 நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 19-ஐ மூடுவதென்று முடிவெடுத்து, ஜூலை 21 முதல் அதை நடைமுறைப்படுத்தவும் தொடங்கியிருந்தது. டென்னசி மாநிலத்தின் ஸ்மோக்கி மலைக்குப் போய்வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்; ஆனால் இந்த எரிச்சலைக் கொட்டித் தீர்க்காமல் மலையைப் பற்றி எழுத வராது போலிருக்கிறது.

நியூ ஜெர்சியில் புறப்பட்டு மேற்கு வர்ஜீனியா என்ற அண்டை மாநிலம் வரை சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதன்பின் ஐ-81 நெடுஞ்சாலை வர்ஜீனியாவுக்குள் மட்டும் ஏறத்தாழ 325 மைல் ஓடுகிறது. ஒருபுறம் புளூ ரிட்ஜ் மலைத்தொடர், மறுபுறம் அலெகேனி மலைகள், இடையே ஷெனாண்டோ பள்ளத்தாக்கின் பச்சை. அந்தப் பச்சையை ரசித்துக்கொண்டிருந்த மாமியார் மெதுவாக, "எங்கயாவது ஓரமா நிறுத்துறீங்களா மாப்பிள்ளை?" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவ்வாறு கேட்டால் அவசரம் என்று பொருள். ஓய்விடம் வருகிறது என்று அறிவிக்கும் நீலப் பலகையும் நல்லவேளையாக வந்தது. அதன் குறுக்கே 'மூடப்பட்டுள்ளது' என்று ஆரஞ்சு நிறத் தகடு ஒன்றை அறைந்திருந்தார்கள். நுழைவழியில் ஆரஞ்சுப் பீப்பாய்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு அப்பால் செங்கல் கட்டடமும் மர நிழலில் சாப்பாட்டு மேசைகளும் ஆளின்றிக் கிடந்தன. பீப்பாய்களை ஒட்டிச் சாலையோர மண்ணில் பெரிய லாரிகள் சில, வேகமாகப் போகும் வண்டிகளுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தன.

அந்த ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேரம் ஓய்வெடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. ஓய்வெடுக்க இருந்த இடத்தையோ அரசு பூட்டிவிட்டது. தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் அடுத்த இடம் வரை ஓட்டிப் பார்ப்பதா, சாலையோரத்தில் நிறுத்திக் கண்ணயர்வதா என்ற இரண்டில் எது குறைந்த ஆபத்து என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் அடுத்த வெளிவழியில் இறங்கிப் பெட்ரோல் நிலையம் ஒன்றைத் தேடிப் போனோம். ஒரு முழ நீள மரக்கட்டையில் கட்டிய கழிப்பறைச் சாவி கல்லாவுக்குப் பின்னால் தொங்கியது. ஏதாவது வாங்கினால்தான் சாவி என்றார் அங்கிருந்தவர். தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் வாங்கி ஆறு டாலருக்குமேல் கொடுத்தோம். வண்டியில் தூக்குவாளி நிறையத் தண்ணீரும் டப்பா நிறைய முறுக்கும் இருக்கும்போது இந்தச் செலவு! குழந்தைகளுடன் போகிறவர்கள் வழிநெடுக இப்படி இறங்கினால், வீட்டிலேயே சோறு கட்டிக்கொண்டு போய் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் இதற்கே சரியாகிவிடும்.

வண்டியில் ஏறியதும் மாமியார் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, கக்கூஸைப் பூட்டி வச்சா சர்க்காருக்குக் காசு மிச்சமாகுமா?" மிச்சமாகும், ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் என்றார்கள். போக்குவரத்துக் கணக்கில் ஆறு ஆண்டுகளுக்கு அப்போது எதிர்பார்த்த பற்றாக்குறையோ 260 கோடி டாலர். வர்ஜீனியாவில் அப்போது ஏறத்தாழ 80 லட்சம் பேர் வசித்தார்கள். தலைக்கு ஆண்டுக்கு ஒரு டாலரும் சில்லறையும் சேமிப்பதற்காக இத்தனை பேரை அலைய விட்டார்கள். பொருளாதார மந்தம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாநிலத்தின் பெட்ரோல் வரி 1986-இல் கேலனுக்கு 17.5 சென்ட் என்று நிர்ணயிக்கப்பட்டதோடு 2009 வரை அசையவே இல்லை. வரியை ஒரு சென்ட் உயர்த்த எவருக்கும் துணிவு வரவில்லை, கழிப்பறையைப் பூட்டத்தான் துணிவு வந்தது.

காப்பிக் கடைக்காவது வாடகைக்கு விடலாமே என்று மனைவி கேட்டாள். அதற்கும் வழியில்லை. 1956-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் வணிகக் கடைகளைத் தடை செய்கிறது. எங்கள் நியூ ஜெர்சியின் சுங்கச் சாலையான டர்ன்பைக் 1951-லேயே திறந்துவிட்டதால் தப்பித்துக்கொண்டது, அங்கே கவிஞர் வால்ட் விட்மன் பெயரிலேயே கடைகளும் கழிப்பறையும் உண்டு. மற்ற ஓய்விடங்களில் வைக்க அனுமதியுள்ள தின்பண்ட எந்திரங்களை நடத்தப் பார்வையற்றவர்களுக்குச் சட்டப்படி முன்னுரிமை தரப்படுகிறது. ஓய்விடத்தைப் பூட்டினால் அங்கே எந்திரம் வைத்திருப்பவரின் பிழைப்பும் சேர்ந்துதான் போகும்.

தெற்கே இன்னும் வெகுதூரம் போன பிறகு திறந்திருந்த ஓய்விடம் ஒன்று கிடைத்தது. சுத்தமான கழிப்பறை, குளிர்ந்த குடிநீர், ஓக் மர நிழலில் கல் மேசை. அதிகாலையில் கிளறிய புளியோதரை மதியத்துக்குள் நன்றாக ஊறி, நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்க, அடியில் வேர்க்கடலை சற்று மெத்தென்றாகி அப்படியொரு ருசியுடன் இருந்தது, தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய். பக்கத்து மேசைக்காரர் மோப்பம் பிடித்து விசாரிக்க, மாமியார் ஒரு தட்டில் வைத்தே கொடுத்துவிட்டார். டென்னசியில் தங்கிய நாள்களில் காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் இதற்கு ஈடாகவில்லை. ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையைப் பற்றி அடுத்த பதிவில்.

அந்த ஆண்டு நவம்பரில் வர்ஜீனியாவில் ஆளுநர் தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் பாப் மெக்டானல், தான் வென்றால் 90 நாள்களுக்குள் ஓய்விடங்களைத் திறந்துவிடுவதாக வாக்குறுதி கொடுத்திருந்தார்; வென்று 2010-இல் திறந்தும்விட்டார். எனக்கு அங்கே வாக்கு இருக்கவில்லை. எப்படியும் ஐ-81 வழியாகத் தெற்கே போகிறவர்கள் மாநிலத்துக்குள் நுழைந்ததும் வரும் கிளியர் புரூக் வரவேற்பு மையத்திலும், திரும்பி வருகிறவர்கள் தென் எல்லையில் உள்ள பிரிஸ்டலிலும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரையும் இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.