உட்காரும்போது போட ஒரு ஜாக்கெட்

செயற்கைப் பஞ்சு ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி குளிர் தாங்கும்?" என்று. எந்த ஜாக்கெட்டாலும் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. ஜாக்கெட் சூடு உண்டாக்குவதில்லை, உடம்பு உண்டாக்கும் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தரும். முதுகில் சுமையோடு மேடு ஏறினால் அதுவே ஐந்தாறு மடங்காகிவிடும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து எல்க் மான் வேட்டையை எடுத்துக்கொள்வோம். (இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்துப் போவது வழக்கம்.) அக்டோபர், நவம்பரில் ரைஃபிள் பருவம். 3,000 மீட்டர் உயரம், விடிகாலையில் மைனஸ் 10 சர்வசாதாரணம். இருட்டோடு வண்டியை விட்டு இறங்கி, 300, 400 மீட்டர் ஏறி, முகட்டில் உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரம் பைனாகுலரில் எதிர்ச்சரிவைத் துழாவ வேண்டும். ஒரே காலைக்குள் உடம்பு அடுப்பாகவும் இருக்கிறது, அணைந்த அடுப்பாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஜாக்கெட் தேடுவதில்தான் பணம் வீணாகிறது.

ஏறும்போது போட்டுக்கொள்ளவென்றே ஒரு வகை உண்டு. போலார்டெக் ஆல்ஃபா என்ற செயற்கைப் பஞ்சு அப்படிப்பட்டது. அமெரிக்கச் சிறப்புப் படையினர் ஓடும்போதும் நிற்கும்போதும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வந்த சரக்கு. காற்று உள்ளே வெளியே போகும், வியர்வை வெளியேறும். ஆனால் முகட்டில் காற்று அடித்தால் அது வலைபோலத்தான். மற்ற வகை, காற்றைத் தடுக்கும் நெருக்கமான நைலான் உறைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் பத்தே நிமிடத்தில் உள்சட்டை ஊறிவிடும். என் கணக்கு இதுதான்: ஏறுவதற்கு சதுர மீட்டருக்கு 150 கிராம் (ஜிஎஸ்எம்) எடையுள்ள மெரினோ ஆட்டுக் கம்பளி உள்சட்டையும், ஃப்ளீஸ் என்ற கம்பளிபோன்ற பாலியஸ்டர் துணியில் மெல்லிய மேல்சட்டையும் போதும். பஞ்சு ஜாக்கெட்டை உட்காரும் நேரத்துக்கென்றே வாங்குங்கள்.

இப்படி முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஜிஎஸ்எம் என்பது திருப்பூர்ப் பக்கம் தெரியாதவர் இல்லாத சொல். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு என்பது கணக்கு. 60 என்றால் மெல்லியது, 100 என்றால் நடுத்தரம், 133க்கு மேல் கனம். கடைகளில் "இலேசான ஜாக்கெட்" என்று தொங்குவதில் பெரும்பகுதி 60தான். ஒரு ஜாக்கெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை சதுர மீட்டர் பஞ்சு போகும். ஆகவே 60க்கும் 100க்கும் எடை வித்தியாசம் 60 கிராம், ஒரு கோழி முட்டை. அந்த முட்டை எடைக்குக் கஞ்சத்தனப்பட்டு மூன்று மணி நேரம் நடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வில் வேட்டைக்கு செப்டம்பரில் போகிறவருக்கு 60 சரி. நவம்பரில் உட்காருகிறவருக்கு 100க்குக் கீழே வேண்டாம்.

வாத்துத் தூவி இதைவிட இலேசு, இதைவிடச் சூடு. ஆனாலும் செயற்கைப் பஞ்சுக்கு ஏன் போக வேண்டும்? நனைந்த தூவி ஒட்டிச் சுருங்கிவிடும், உள்ளே காற்று தங்க இடமிருக்காது. பாலியஸ்டர் இழை ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஈரத்தைத்தான் உறிஞ்சும், நனைந்தாலும் ஓரளவு உப்பியே நிற்கும். பிரைமாலாஃப்ட் என்ற செயற்கைப் பஞ்சு பிறந்ததே 1980களில் அமெரிக்க ராணுவம் தூவிக்கு மாற்றுக் கேட்டதால்தான். இதனால் இன்னொரு வசதி: வியர்த்த உள்சட்டையின் மேலேயே இதைப் போடலாம். ஈரம் ஜாக்கெட் வழியாக மெல்ல வெளியேறிச் சட்டை காய்ந்துவிடும். தூவி ஜாக்கெட்டில் இந்த வேலையை நாலு நாள் தொடர்ந்து செய்ய முடியாது. அதற்காக, "நனைந்தாலும் சூடு" என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். சொட்டச் சொட்ட நனைந்தால் எதுவும் குளிரத்தான் செய்யும்.

பஞ்சிலும் இரண்டு ஜாதி. துண்டு இழைப் பஞ்சு மென்மையானது, நன்றாகச் சுருட்டலாம். ஆனால் இலவம்பஞ்சுத் தலையணைபோல நாளாவட்டத்தில் ஒதுங்கிக் கட்டிதட்டும். அது நகராமலிருக்கத்தான் நெருக்கமாகக் கோடு போட்டுத் தைக்கிறார்கள். உள்ளும் புறமும் சேர்த்துத் தைத்த அந்தக் கோடுகளில் பஞ்சே இருக்காது, காற்று அங்கேதான் குத்தும். கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் போன்ற தொடர் இழைப் பஞ்சு ஒரே பாளமாக நிற்கும், தையல் குறைவு, ஆயுள் அதிகம். மடிக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

அடுத்தது சத்தம். மலையேறிகளுக்குச் செய்த ஜாக்கெட்டை வேட்டைக்கு வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 10 டெனியர் (இழையின் தடிமனைச் சொல்லும் அளவு) நைலான் முறுக்குப் பொட்டலம்போலச் சரசரக்கும். கடையில் பின்னணி இசைக்கு நடுவே அது காதில் விழாது. வீட்டில், விலைச்சீட்டைக் கிழிக்காமல், உறைபெட்டிக்குள் ஒரு மணி நேரம் வையுங்கள். எடுத்துப் போட்டுக்கொண்டு, அமைதியான அறையில் கையை மெதுவாக, வில்லை இழுப்பதுபோலப் பின்னால் கொண்டுபோங்கள். அந்தச் சத்தம்தான் 20 மீட்டரில் நிற்கும் மானுக்குக் கேட்கும். ரைஃபிளில் 200 மீட்டருக்கு அப்பால் சுடுகிறவர் இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. வில்லோடு மரத்தில் காத்திருப்பவருக்கு, மேல்துணி பஞ்சுபோல உராய்ந்து மென்மையாக்கிய பாலியஸ்டராக இருக்க வேண்டும். 100, 150 கிராம் கூடும், கூடட்டும். டெனியர் 20க்குக் கீழே இறங்கினால் கொலராடோவின் காம்பெல் ஓக் புதர் ஒரே இழுப்பில் கிழித்துவிடும்.

அளவு பார்க்கும்போது வழக்கமான சட்டைக்கு மேல் போட்டுப் பார்ப்பது வீண். இது எல்லாவற்றுக்கும் மேலே வருவது. ஃப்ளீஸும் பைனாகுலர் பட்டையும் மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் போட்டு ஜிப் ஏற வேண்டும். பட்டையை ஜாக்கெட்டுக்கு மேலே மாட்டினால் மார்புப் பஞ்சு நசுங்கும், நசுங்கிய இடத்தில் சூடு நிற்காது. கீழிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப் இருந்தால் நல்லது. வில்காரர் முன்கை தடிமனைப் பார்க்க வேண்டும், நாண் சட்டையில் தட்டினால் அம்பு திசைமாறும். ரைஃபிள்காரருக்கு வேறு சிக்கல்: தோளில் ஒரு சென்டிமீட்டர் பஞ்சு சேர்ந்தால் துப்பாக்கியின் கட்டை நீண்டதுபோலாகி, கண் ஸ்கோப்பிலிருந்து விலகும். வழுக்கும் நைலானில் அடிக்கட்டையும் நழுவும். ஜாக்கெட்டைப் போட்டபடியே குறிபார்த்துப் பழகிவிட்டுப் போங்கள்.

அதற்கும் மேலே, மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணில் படுவதற்காக, ஆரஞ்சு. கொலராடோ ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் கட்டாயம், தலையிலும் எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். மறைவண்ணக் கோலம் போட்ட ஆரஞ்சு கணக்கில் வராது. மொன்டானா மாநிலத்தில் 400 சதுர அங்குலம். ஆரஞ்சு உள்சட்டை போட்டு மேலே பழுப்பு ஜாக்கெட் மாட்டினால் சட்டப்படி அது இல்லாததற்குச் சமம். பஞ்சு ஜாக்கெட்டுக்கு மேலே ஏறும் அளவில் ஆரஞ்சு வெஸ்ட் வாங்குங்கள்.

பையில் ஜாக்கெட் மேலாக இருக்க வேண்டும். உச்சிக்கு வந்து நின்றதும், குளிர்வதற்கு முன்பே, மூச்சு வாங்கும்போதே போட்டுவிட வேண்டும். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் உடம்பிடம் சேமிக்கச் சூடு மிச்சமிருக்காது.

வீட்டுக்கு வந்தபின் உறைக்குள் அமுக்கி வைக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அமுங்கி அமுங்கியே செயற்கைப் பஞ்சு சாகிறது. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், நீரை ஒட்டவிடாத பூச்சு போய்விடும். வெண்மை கூட்டும் சோப்பும் வேண்டாம், அந்த நீல மினுமினுப்பு மானின் கண்ணுக்குத் தெரியும். 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா, நியூயார்க் விற்பனையில் பெரும்பாலான துணிகளில், நீரை விரட்டப் பயன்பட்டுவந்த ஃப்ளோரின் பூச்சுகளுக்குத் தடை. புதிய பூச்சு தண்ணீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது. கழுத்திலும் கையோரத்திலும் உடம்பு எண்ணெய் பிடித்ததும் அங்கே நனைய ஆரம்பிக்கும், ஆகவே முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை ஊன்றிவிடும்.

கேம்ப் நெருப்பில் தெறிக்கும் ஒரு பொறி போதும், நைலான் உருகி மிளகளவு ஓட்டை விழும். ஒட்டுத்துணி நாடாவை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை இருந்தால் அந்த மூலையிலிருந்துதான் உரியத் தொடங்கும்.