இல்லத்தில் வளர்ந்த எனக்கு சாதிச் சான்றிதழ் கிடைத்த கதை

பதினெட்டு வயது முடிந்து, நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியே வந்து நாலு மாதம் ஆகிறது. நேற்றுதான் சாதிச் சான்றிதழ் கைக்கு வந்தது. கல்லூரியில் கொடுத்த கெடுவுக்கு இன்னும் இரண்டே நாள்.

இல்லத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு அரசு தரும் பிற்காப்பு உதவித்தொகை, மாதம் 4,000 ரூபாய், எங்களைப் போன்ற பிள்ளைகளின் பராமரிப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன்னால் சிரமமில்லாமல் முடிந்தது. வங்கிக் கணக்கும் அப்படித்தான். என்னை அலைய வைத்தது இந்த ஒரு காகிதம்.

முதல் நாள் இ-சேவை மையத்தில் ஆதாருக்கான ஓடிபி வார்டன் அம்மாவின் போனுக்குப் போய்விட்டது. எங்கள் எல்லாருக்கும் அந்த எண்தான். அவர் போனை எடுக்கவில்லை, அன்றைய பொழுது வீண். இல்லத்தில் இருக்கும்போதே ஆதாரில் உங்கள் சொந்த எண்ணைப் போட்டுவிடுங்கள். ஆதார் மையத்துக்கு நேரில் போனால் போதும், எண் மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம்.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலர்.

"அப்பாவோட சர்டிபிகேட் எங்கம்மா?"

"அப்பா இல்லை சார். அம்மாவும் இல்லை."

"சித்தப்பா, பெரியப்பா யாராவது இருப்பாங்கல்ல?"

பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். இல்லை சார், இல்லை சார் என்று ஒவ்வோர் உறவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. சொந்த ஊரில் போய்க் கேள் என்றார். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். "நீ இங்க குடியிருக்கலையேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். பெற்றோர் சான்று இணைக்கவில்லை என்று விண்ணப்பமும் தள்ளுபடி. கட்டிய 60 ரூபாயும் போச்சு.

எனக்கு முன்பே இல்லத்திலிருந்து வெளியே போன ஒரு அக்காதான் வழி சொன்னார். தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நமக்கென்றே ஒரு வரி இருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அதில் வருகிறார்கள். அப்பாவின் சாதி தெரிய வேண்டியதே இல்லை! இத்தனை நாள் இதை ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லையே என்று அன்று இரவு அழுதேன்.

பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். பெற்றோரின் இறப்புச் சான்று, குழந்தைகள் நலக் குழு உத்தரவு, இல்லத்தின் அங்கீகாரச் சான்று, சேர்க்கைப் பதிவேட்டின் நகல் எல்லாம் சேர்த்தேன். பதிவேட்டில் நீல மையில் 'வயது 6' என்று இருந்தது. ஆனால் என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு காலுக்காக, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று இல்லத்தில் கடிதம் வாங்க இன்னொரு நடை.

மறுபடி விண்ணப்பித்துவிட்டு, தாசில்தாரை நேரில் பார்த்தேன். நான் அடிக்கோடிட்டிருந்த வரியை அவர் பேனா முனையை வைத்து மெதுவாகப் படித்தார். "சரிதான், இதுல வருது" என்றார். ஆறாம் நாள் சான்றிதழ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போகிறேன். வரும் ஜூனில் மூன்று பேர் வெளியே வருகிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயரில் காலும் கொம்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.