தம்பி சிகரெட்டை விட்டபோது

பதினாறு வயதுப் பையன் தம் அடிக்கிறான் என்று தெரிந்தால் எந்த வீட்டிலும் முதலில் வருவது கோபம்தான். எங்கள் வீட்டிலும் அப்பா கத்தினார், அம்மா அழுதார். அன்று ராத்திரி தம்பி என் அறைக்கு வந்து, "அக்கா, நானே விடணும்னுதான் பாக்கறேன். விட்டா தலை வலிக்குது, எரிச்சலா வருது" என்றான். அவன் நடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அதன்பிறகு அவன் விட்டு முடிக்கும்வரை கூடவே இருந்தேன். இதே நிலையில் இருக்கிற வேறு வீடுகளுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் டாக்டரிடம் போனோம். அவர் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார். பிள்ளையை டாக்டரிடம் தனியாகப் பேசவிடத் தயங்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் முன்னால் வாயே திறக்காதவன், நண்பர்களோடு பீர் குடித்ததையும் உள்ளே சொல்லியிருக்கிறான். அவர் கேட்ட முக்கியமான கேள்வி, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் தேவைப்படுகிறது என்பது. அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு சிகரெட்டில் இருக்கும் நிகோடினுக்கு நன்றாகவே அடிமையாகியிருக்கிறது என்று அர்த்தமாம்.

பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டு விளக்கினார். இழுத்த புகையிலிருந்து நிகோடின் மூளைக்குப் போக 10 முதல் 20 நொடிகள் போதும். மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆசையை அடக்கி யோசித்து முடிவெடுக்கும் முன்பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. அதனால் தினமும் சிகரெட் பிடிக்காத பிள்ளைகள்கூட சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள். இதைக் கேட்ட பிறகுதான் அப்பாவின் குரல் தணிந்தது. பையனுக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று புரிந்தது.

அங்கே கையடக்கமான ஒரு கருவி இருந்தது. மூச்சைப் பதினைந்து நொடி பிடித்து, பிறகு அதில் மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவின் அளவு திரையில் ஏறும். சிகரெட் புகையில் வருவது அது. புகைக்காதவர்களுக்கு வழக்கமாக ஒற்றை இலக்கத்தில் நிற்கும். தம்பிக்கு அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. "ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும்" என்றார் டாக்டர். தம்பி ஃபுட்பால் ஆடுகிறவன். "அதான் ரெண்டாவது பாதியில மூச்சு வாங்குதா?" என்று கேட்டான். சிகரெட் பெட்டியில் இருக்கும் புற்றுநோய்ப் படங்களைத் தினமும் பார்த்தும் அசையாதவன், அந்த எண்ணைப் பார்த்து அசைந்தான். ஐம்பது வயதில் வரப்போகும் நோயைச் சொல்லி இந்த வயதுப் பிள்ளையை மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

வேப்புக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மாறிக்கொள்ளலாமே என்று ஒரு நண்பன் யோசனை சொல்லியிருந்தான். டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார். அதிலும் நிகோடின்தான். அதுவும் இப்போது வருபவற்றில் நிகோடின் உப்பு சேர்ப்பதால் தொண்டையில் காரம் தெரியாது, இழுக்கும் அளவும் கூடிவிடும். சிகரெட்டை விட உதவும் நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை எதையும் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். ஆலோசகரோடு தொடர்ந்து பேசிக்கொண்டே மருந்தில்லாமல் முயன்று பார்க்கலாம் என்று முடிவானது.

முதல் மூன்று நாட்கள்தான் உச்சம் என்று முன்பே எச்சரித்திருந்தார். அப்படியே இருந்தது. கதவை அறைந்து சாத்தினான், பாடப் புத்தகத்தை வீசினான், ராத்திரியெல்லாம் புரண்டான். ஆசை அலையாக வரும், ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அது வந்ததும் என்னைக் கூப்பிடுவான். மாடிப்படியில் இருவரும் ஏறி இறங்குவோம். பேச மாட்டான். கைப்பிடிக் கம்பியை விரல் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருப்பான். கொஞ்ச நேரத்தில் பிடி தளரும், "போச்சு" என்பான். கீழே வந்துவிடுவோம்.

தூக்கம் வராததற்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரணமும் இருந்தது. சிகரெட் புகை, காஃபீனை உடம்பு வேகமாகக் கரைக்க வைக்கிறது. புகை நின்றதும் அதே காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்குகிறது. டாக்டர் காபியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். தூக்கம் மெல்ல மெல்லத் திரும்பியது.

நடுவில் ஒருநாள் சறுக்கினான். நண்பனின் பிறந்தநாளில் பீர், அதோடு ஒரு சிகரெட். வந்ததும் அவனே சொன்னான். அப்பா எழுந்தார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான். குடி உள்ளே போனதும் உறுதி கரைந்துவிடும், முதல் சில மாதங்களுக்கு அந்த மாதிரி இடங்களுக்கே போகாமல் இருப்பது நல்லது என்றார் ஆலோசகர். யாராவது குடித்துவிட்டு எழுப்பினாலும் எழாமல், உடம்பு சில்லிட்டு, மூச்சு மெதுவாகிப் போனால், தூங்கட்டும் என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்றும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வாந்தி மூச்சுக்குழலில் போய் அடைத்து உயிர் போகிற பிள்ளைகள் உண்டு. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், டாக்டரின் கண்காணிப்பு தேவை. தம்பிக்கு அந்த நிலை இல்லை.

போன முறை ஊதியபோது ஒற்றை இலக்கம் வந்தது. தேர்வு நேரம் நெருங்குகிறது. ஒரு தம் போட்டால் பதற்றம் குறையும் என்று தோன்றும். உண்மையில் முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்த தவிப்புதான் அப்படிக் குறைகிறது. இதை ஆலோசகர் அவனிடம் பேசி வைத்திருக்கிறார், தேர்வுக்கு முன்னால் இன்னொரு சந்திப்பும் குறித்திருக்கிறோம். இந்த முறை அப்பாவும் வருகிறார்.