யாருடைய கதை?

கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் தீவின் வடகிழக்குப் பக்கமாக ஓடுகிறது ஜோன்ஸ்டன் நீரிணை. ஒரு ஆகஸ்ட் மாதத்து இரவு, அதன் கரையில் நெருப்பைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். பகல் முழுவதும் மூடுபனி. ஆறு மணிநேரம் கயாக் என்ற சிறுபடகில் துடுப்பு வலித்தும் ஒரு ஓர்காத் திமிங்கிலத்தின் முதுகுகூடக் கண்ணில் படவில்லை. வந்தவர்கள் பேச்சற்றுப் போயிருந்தார்கள். நான் உதவி வழிகாட்டியாகச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. இவர்களை வெறுங்கையோடு தூங்க அனுப்பக்கூடாதே என்ற தவிப்பில், எப்போதோ புத்தகத்தில் படித்திருந்த அந்தக் கரையோரத்துப் பழங்கதை ஒன்றை எடுத்துவிட்டேன். குரலை ஏற்றி இறக்கி நன்றாகவே சொன்னேன். கை தட்டினார்கள்.

பாத்திரம் கழுவும்போது எங்கள் மூத்த வழிகாட்டி பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் கரையின் பழங்குடிகளான நம்கீஸ் மக்களைச் சேர்ந்தவர், அங்குள்ள அலர்ட் பே ஊர்க்காரர்.

"அது யாருடைய கதை?"

"இங்குள்ள மக்களுடைய பழைய கதை அக்கா."

"அப்படிப் பொதுவாக ஒன்று கிடையாது. எந்தக் குடும்பத்துக் கதை? அந்தக் குடும்பத்தில் யார் உனக்குச் சொல்லக் கொடுத்தார்கள்?"

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. (அக்கா என்று நான் கூப்பிடுவதன் பொருளை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது.)

காக்காவும் வடையும் கதையை யாரிடமும் அனுமதி கேட்டுச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்தவன் இல்லை நான். பாட்டி சொன்னாள், நான் சொன்னேன், நாளை என் பிள்ளை சொல்லும். குவாக்வலா மொழி பேசும் இந்த மக்களிடம் நிலைமை வேறு. பெயர், பாட்டு, ஆட்டம், முகமூடி, கதை எல்லாமே குடும்பச் சொத்து. நிலப் பத்திரத்தைப் போல வழிவழியாக வருவது. திருமணத்தில் சீர்வரிசையாகக் கைமாறும். கைமாறியதை ஊரறியச் செய்வதற்குத்தான் பொட்லாச் என்ற பெருவிருந்து. ஆடிப் பாடி உரிமையைக் காட்டுவார்கள். வந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். அந்தப் பரிசு தயவுக்காக அல்ல. நீ பார்த்தாய், கேட்டாய், நாளை கேட்டால் சொல்ல வேண்டும் என்று சாட்சிக்குக் கொடுக்கும் கூலி அது.

அந்த விருந்தைத்தான் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் நடத்திய பொட்லாச்சுக்காக 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். ஊரே தன் முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்றார்கள். சிலர் கொடுத்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். பறித்த பொருள்கள் ஒட்டாவா, டொரொண்டோ, நியூயார்க் என்று சிதறின. பேரப்பிள்ளைகள் விடாமல் கேட்டு வாங்கிய ஒரு பகுதிக்காக 1980இல் அலர்ட் பேயில் எழுந்தது ஊமிஸ்டா பண்பாட்டு மையம். முற்காலத்தில் எதிரிகள் சிறைபிடித்துப்போன ஒருவர் ஊர் திரும்பினால், அந்தத் திரும்புதலுக்கு ஊமிஸ்டா என்று பெயர்.

பயணம் முடிந்த மறுநாள் அக்கா என்னை அங்கே கூட்டிப்போனார். பொட்லாச் முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது போதும் என்று வெளியில் வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய அலகு முகமூடியின் முன்னால் நின்றேன். கீழ்த்தாடையைக் கயிறு இழுத்து ஆட்டும்போது உராய்ந்த இடம் வழவழவென்று மின்னியது. யாரோ ஆடியிருக்கிறார்கள், பல இரவுகள். அந்தத் தேய்மானத்தைப் பார்த்த பிறகுதான், நெருப்படியில் நான் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது. கை தட்டல் எனக்கு வந்தது. கதைக்குரிய குடும்பத்துக்கு என்ன போயிற்று?

அதன் பிறகு என் வேலை மாறிவிட்டது. வெளியில் பார்த்தால் அதே வேலைதான்: விடியலில் தேத்தண்ணி, நீரோட்ட அட்டவணை, ஆளாளுக்கு மிதவை அங்கியின் வார் இறுக்குவது. அலாஸ்கா போகும் சொகுசுக் கப்பல் கடந்துபோய்ச் சில நிமிடம் கழித்துத்தான் அதன் அலை கரையில் ஏறும். அதற்குள் கயாக்குகளை மேலே இழுத்து வைக்காவிட்டால் கடல் கொண்டுபோய்விடும். ஓர்கா வந்தால் கெல்ப் பாசியின் தண்டைப் பிடித்துக்கொண்டு கூட்டமாகக் கரையோரம் ஒதுங்குவோம். 200 மீட்டர் இடைவெளி சட்டம். மூச்சு விடும் சத்தம்தான் முதலில் வரும், நனைந்த கம்பளத்தை உதறுவது போல. அப்போது முன்பு நான் விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது வாயைத் திறப்பதில்லை. ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கிவிட்டு, அவை பேசுவதை அவர்களே கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இரவில் கதை கேட்பவர்களுக்கு ஸ்பிரிங்கரைப் பற்றிச் சொல்கிறேன். அது எல்லாரும் அறிய நடந்தது, பதிவில் இருப்பது. 2002இல் சியாட்டில் பக்கம் ஒரு ஓர்காக் குட்டி தாயில்லாமல் தனியாகத் திரிந்தது. ஓர்காக் கூட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல்வழக்கு உண்டு. குட்டியின் குரலைக் கேட்ட ஆய்வாளர்கள் அது வடக்கே இந்த நீரிணைப் பக்கத்துக் குடும்பம் என்று கண்டுபிடித்தார்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து ஹான்சன் தீவின் குடாவில் வலைக்கூண்டில் விட்டார்கள். அதற்கு உயிர் சால்மன் பிடித்துக் கொடுத்தவர்கள் நம்கீஸ் மக்கள். மறுநாள் உறவுகள் அந்த வழியாக வந்தன, கூண்டைத் திறந்தார்கள். 2013இல் அவளே ஒரு குட்டியோடு காணப்பட்டாள். பேச்சை வைத்து ஊர் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். புதிய நாட்டில் என் தமிழைக் கேட்டவுடன் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்ட முகங்கள் நினைவுக்கு வரும்.

பருவத்தின் கடைசிப் பயணத்தில் மழை. தார்ப்பாய்க்குக் கீழே அக்காவும் நானும் மட்டும். அவர் தன் பாட்டி வழிக் கதை ஒன்றைச் சொன்னார், அரை மணிநேரம். முடித்துவிட்டு, "இது நீ கேட்பதற்கு" என்றார். பையிலிருந்து ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். அவர் வீட்டில் ஆல்டர் மரப் புகையில் வாட்டி அடைத்த சால்மன்.

அதை இரண்டு மாதம் திறக்காமல் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து அம்மாவுக்குக் கொடுத்தேன். புகை மணம் வீடு முழுக்க நின்றது. யார் தந்தது என்று அம்மா கேட்டார். அதை மட்டும் சொன்னேன்.