கைக்குட்டை கலரை விடுங்கள்

லாஸ் ஏஞ்சலஸின் தெருக் கும்பல்களான கிரிப்ஸ், பிளட்ஸ் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் நீலக் கைக்குட்டை, சிவப்புக் கைக்குட்டை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கலர் கதை எனக்குச் சலித்துவிட்டது.

பிழைப்புத் தேடி அந்த ஊருக்கு வந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த தெருக்கள் ஏராளம். அந்த நிபந்தனையை அமல்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், வெள்ளையர் பகுதிக்கு எல்லையாக இருந்த ஆலமீடா தெருவைத் தாண்டிப் போன கறுப்பினப் பையன்களை வெள்ளைக்காரப் பையன்கள் கூட்டமாக வந்து அடித்தார்கள். அடி வாங்காமல் இருக்கத்தான் இவர்களும் கூட்டம் சேர்ந்தார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் 1965இல் வெடித்த கலவரத்தில் 34 பேர் செத்தபின் பலர் அரசியல் பக்கம் திரும்பினார்கள். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் உள்ளூர்த் தலைவர் பஞ்ச்சி கார்ட்டரே பழைய கும்பல்காரர்தான். அவரை 1969இல் சுட்டுக் கொன்றார்கள், இயக்கத்தைப் போலீஸ் நசுக்கியது, அடுத்து வளர்ந்த பையன்களுக்கு மிஞ்சியது தெரு மட்டும்தான்.

அப்படி ஒரு பையன்தான் ரேமண்ட் வாஷிங்டன். அவரும் ஸ்டான்லி வில்லியம்ஸும் சேர்ந்து வளர்த்ததுதான் கிரிப்ஸ். அவர்கள் அடி பொறுக்காமல் பக்கத்து ஊரான காம்ப்டனின் பைரு தெருப் பையன்கள் மற்ற சின்னக் கூட்டங்களைச் சேர்த்துக்கொண்டார்கள், அது பிளட்ஸ் ஆனது.

ரேமண்ட் 1979இல் சுடப்பட்டுச் செத்தபோது அவருக்கு வயது 25. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ரோலின் சிக்ஸ்டீஸ், எய்ட் ட்ரே என்று இரண்டு கிரிப்ஸ் குழுக்கள் மோத ஆரம்பித்தன. இரண்டு பக்கமும் நீலம்தான்! அந்தப் பகை பல வருஷம் ஓடி ஏகப்பட்ட பேரைத் தின்றது. இதற்குள் சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையும், 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும் மூடியாயிற்று, அப்பன் பார்த்த வேலை பிள்ளைக்கு இல்லை, கிராக் என்ற கொக்கெய்ன் போதைப்பொருளை விற்றால் காசு. நடந்து போகிற பையன் பக்கத்தில் கார் ஒன்று மெதுவாக வரும், உள்ளேயிருந்து “நீ எந்த ஏரியா?” என்பார்கள், எந்தக் கும்பலிலும் இல்லாதவன் “எதுவுமில்லை” என்று சொன்னாலும் சில சமயம் சுட்டுவிடுவார்கள்.

1992 ஏப்ரலில் வாட்ஸ் குடியிருப்புப் பையன்கள் தாங்களாகவே சமாதானம் பேசினார்கள், ஒப்பந்தத்துக்கு மாதிரி எடுத்தது 1949இல் எகிப்தும் இஸ்ரேலும் போட்ட போர்நிறுத்தம். கொலைகள் குறைந்தன. அதே 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு பெரிய மனிதர்கள் வாக்களித்த வேலைகளில் முக்கால்வாசி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.